பதினான்கு பேருக்குப் பதிலாக

டன்ஸ்டனில் வேகமாக ஓட்டிப் போலீஸிடம் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது வெல்டா ப்ரூயிட்டின் சமையலறையைத்தான். பின்கதவைத் தட்டிவிட்டு, கையில் அபராதச் சீட்டோடும் முகத்தில் அசட்டுச் சிரிப்போடும் வந்து நிற்பார்கள். "இந்த வாரம் உனக்கு ஏதும் வேலை இருக்கா வெல்டா?" என்று கேட்டாலே அவளுக்கு விஷயம் விளங்கிவிடும்.

"எத்தனையில போனே?"

"எழுபத்தொன்பது."

"எந்த இடத்துல?"

"பாலம் இறங்கினதும்."

"அங்கதான் போலீஸ்காரன் வண்டிய மறைச்சு நிறுத்துவான்னு ஊருக்கே தெரியுமே. உனக்கு மட்டும் தெரியாதா?"

இப்படித் திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவாள்.

டெக்ஸாஸில் அந்தச் சீட்டிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. வேகத்துக்காகச் சீட்டு வாங்கியவன், பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்று ஆறு மணி நேரப் பாடம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் படித்துத் தேறி, அந்தச் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்தால் போதும். சீட்டு ரத்தாகிவிடும், இன்சூரன்ஸும் ஏறாது. வருஷத்துக்கு ஒரு முறைதான் இந்தச் சலுகை. பாடம் ஒன்றும் கஷ்டமில்லை. உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கடிகாரம் ஓடும். அது முடியாமல் அடுத்த பக்கம் திறக்காது. நடுநடுவே, படிப்பது அதே ஆள்தானா என்று சோதிக்கக் கேள்விகள் வேறு வரும். உங்கள் முதல் கார் என்ன நிறம்? சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் என்ன? பெரிய நகரமாக இருந்தால் இந்தக் கேள்விகளில் திருடன் அகப்பட்டுக்கொள்வான். டன்ஸ்டனில் இருப்பதே ஆயிரத்து எண்ணூறு பேர். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் சோறு போட்டவள் வெல்டா. யாருக்கு வெங்காயம் ஆகாது என்பதிலிருந்து யார் வீட்டு நாய் எந்த வருஷம் செத்தது என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

ஆரம்பித்தது அவள் புருஷன் டாயிலால்தான். வயலுக்கு நீர் தெளிக்கும் பெரிய எந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். கையில் எதைக் கொடுத்தாலும் ஓட வைத்துவிடுவான். எழுத்து மட்டும் ஏறவே இல்லை. சின்ன வயதிலிருந்தே வரிகள் அவன் கண்ணுக்கு முன் இடம் மாறி மாறி ஆடும். ஒன்பது வருஷத்துக்கு முன் அவனுக்குச் சீட்டு கிடைத்தபோது, மூன்றாம் பக்கத்திலேயே முகம் சிவந்து எழுந்து போய்விட்டான். மீதியை வெல்டா படித்து முடித்தாள். அப்போது அது தப்பென்றே தோன்றவில்லை. அவனால் முடியாததை அவள் செய்தாள், அவ்வளவுதான்.

டாயில் சொல்லப்போய் அவன் கூட்டாளி ஒருவன் வந்தான். அப்புறம் சர்ச்சில் பியானோ வாசிக்கிற அம்மாள். அப்புறம் ஒவ்வொருவராக. வெல்டா யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அவர்களாகவே ஒரு பை பெக்கான் பருப்பையோ வேட்டையாடிய மானின் தொடையையோ வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். துக்க வீட்டுக்குச் சாப்பாடு செய்து எடுத்துப் போகிற மாதிரி, இதையும் ஒரு உபகாரம் என்றே அவள் எண்ணினாள். கொஞ்சம் பெருமையும் உண்டு. பாடம் முழுக்க மனப்பாடமாகி, தேர்வில் ஒரு கேள்வி கூடத் தவறியதில்லை. அவளோ வாழ்நாளில் ஒரு சீட்டு வாங்கியதில்லை.

பதினான்காவது ஆளாகப் போன வருஷம் வந்து, இப்போது மறுபடியும் வந்து நின்றவன் கோல்பி. டாயிலின் அக்கா ஜோலீனுடைய மகன், வயது முப்பத்து மூன்று. எண்ணெய்க் கிணறுகளில் பம்ப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை. நாளெல்லாம் பிக்கப் வண்டியில் கிணற்றுக்குக் கிணறு பறந்துகொண்டிருப்பான். நல்லவன்தான். சிரித்தே காரியம் சாதிப்பவன். அறுபத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாத சாலையில் எண்பத்து நான்கில் போயிருந்தான்.

அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து, அவள் சுட்டு வைத்திருந்த பீச் பழப் பலகாரத்தைத் தட்டோடு எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

"இந்தத் தடவை நீயே உட்கார்ந்து படியேன்டா," என்றாள் வெல்டா.

"ஆறு மணி நேரமா? அரை மணியில தூங்கிடுவேன் அத்தை."

"போன வருஷமும் உனக்கு நான்தான் பண்ணிக் கொடுத்தேன்."

"அதான் உங்களுக்குக் கை பழகிப்போச்சே. ஊருல போறவன் வர்றவனுக்கெல்லாம் பண்றீங்க. சொந்தக்காரனுக்கு மட்டும் கசக்குதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று, வேண்டாம் என்றது. ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை. அதுவும் ஒரு வருஷம் முடிந்து சரியாகப் பன்னிரண்டாம் நாள். அந்தக் குரலை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதனும் வியாழனும் உட்கார்ந்து முடித்தாள். 'இந்தப் பாடத்தை நானே படித்தேன்' என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டு, கோல்பி அதைக் கோர்ட்டில் கொடுத்தான். சீட்டு ரத்தானது.

அது அக்டோபர். நவம்பர் மூன்றாம் வாரத்தில், பருத்தி அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சாலையில் டிராக்டர் ஒன்று இருபது மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு சின்ன நீல நிறக் கார், அதே இருபதில், பொறுமையாக. அதற்கும் பின்னால், வெயில் நேராகக் கண்ணில் அடிக்க, எண்பதில் வந்தான் கோல்பி. பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீலக் கார் இரண்டு குட்டிக்கரணம் போட்டு வயலுக்குள் விழுந்தது.

காரை ஓட்டி வந்தவள் இனெஸ் கவாஸோஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வெல்டாவுக்குப் பக்கத்து அடுப்பில் பத்தொன்பது வருஷம் நின்றவள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இடது கால் மூன்று இடத்தில். லப்பக் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுவை செய்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் பழையபடி நடப்பது சந்தேகம் என்றார்கள். வெல்டா ஒருநாள் விட்டு ஒருநாள் ஐம்பது மைல் போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிவிட்டாள், சூப் ஊட்டினாள்.

"உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்," என்று மருந்து மயக்கத்தில் இனெஸ் முனகினாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெல்டா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

கோல்பிக்கு மூக்கு மட்டும்தான் உடைந்திருந்தது. அவனைப் பார்க்கப் போனபோது சோபாவில் ஒடுங்கிக் கிடந்தான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"முன்னாடி வண்டி போறதைப் பார்த்தேன் அத்தை. பார்க்கலைன்னு சொல்லலை. ஆனா அவ்வளவு மெதுவாப் போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தூரத்துல இருக்குன்னு நினைச்சேன். நெனைச்சு முடிக்கிறதுக்குள்ள மேலயே போய் இடிச்சிட்டேன்."

வெல்டாவுக்கு அந்தப் பக்கம் அப்படியே நினைவில் திறந்தது. நான்காம் பாடம், ஏழாம் பக்கம். வயல் சாலைகளும் மெதுவாகப் போகும் எந்திரங்களும். நீங்கள் எண்பதில் போகிறீர்கள், முன்னால் டிராக்டர் இருபதில் போகிறது. ஒரு ஃபுட்பால் மைதான நீளத்துக்கு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி மறைய எத்தனை விநாடி? பத்து, ஏழு, மூன்றரை. மூன்றரை என்பதைப் பதினைந்து முறை தொட்டிருக்கிறாள். ஒரு தடவை கூடத் தவறாமல். இவன் பெயரில் மட்டும் இரண்டு முறை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் ஓரமாக வண்டியை நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் படித்திருந்தாலும் மறந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பாதிப் பாடம் தூங்கியிருப்பான் என்றும் சொல்லிப் பார்த்தாள். இருக்கலாம். ஆனால் படிக்காமல் போனதற்குக் காரணம் அவன் தூக்கமில்லை, அவள். அதை மட்டும் எப்படிச் சுற்றி வளைத்தாலும் மாற்ற முடியவில்லை.

டாயிலிடம் சொன்னாள். "நான் போய்ச் சொல்லிடப் போறேன்."

"யாருகிட்ட?"

"முதல்ல இனெஸ்கிட்ட. அப்புறம் ஜட்ஜ்கிட்ட."

டாயில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதோடு அப்படியே உட்கார்ந்தான். "அவன் பொய்ச் சத்தியம் பண்ணினான்னு வெளிய வந்தா வேலை போயிடும் வெல்டா. அக்கா இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா."

"தெரியும்."

"சொன்னா அவ கால் சேர்ந்துடுமா?"

"சேராது."

"பின்ன எதுக்கு?"

"அவ எனக்கு நன்றி சொல்றா டாயில். போறப்பல்லாம் சொல்றா. என்னால கேட்க முடியலை."

டாயில் மற்ற பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு, "என்னாலதான் இதெல்லாம் ஆரம்பிச்சது," என்றான். இல்லை என்று அவளும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றி, அதற்கும் வருந்தினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இனெஸை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது. மகன் பெட்டோ வேலைக்குப் போயிருந்த மத்தியானம் வெல்டா போனாள். இனெஸ் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கோல்பியின் பாடம், போன வருஷத்துப் பாடம், மூன்றரை விநாடி, எல்லாம்.

இனெஸ் போர்வையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எத்தனை நாளா என் பக்கத்துல உட்கார்ந்திருக்கே?"

"நாலு வாரம்."

"நாலு வாரம் என் வாயில சூப் ஊத்திக்கிட்டே இதை உள்ள வச்சிருந்தியா?"

"பயமா இருந்துச்சு இனெஸ்."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. காரு உருளும்போது." குரல் உயரவில்லை. "பெட்டோவுக்கும் நீதானே பண்ணிக் கொடுத்தே? அஞ்சு வருஷம் முன்னாடி."

"ஆமா."

"நான்தான் அவனை உன்கிட்ட அனுப்பினேன். சோள மாவு பிசைஞ்சு ரெண்டு டஜன் டமாலே அவிச்சுக் கொடுத்தனுப்பினேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன்னை நல்லா திட்டணும்னு இருக்கு. திட்ட வாயெடுத்தா அந்த டமாலே ஞாபகம் வருது. அதுதான் இன்னும் கோபமா வருது. நீ இப்போ போயிடு வெல்டா. நானா கூப்பிடற வரைக்கும் வராதே."

வெல்டா எழுந்தாள். கொண்டுவந்த பாத்திரத்தை எடுக்கலாமா விடலாமா என்று தெரியாமல் தடுமாறி, விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் பெட்டோ அதைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். கதவைத் தட்டவில்லை.

கோர்ட்டுக்குப் போகுமுன் கோல்பியிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. சொன்னாள். அவன் கத்தவில்லை. "என்னைக் கேட்டுட்டு முடிவெடுத்திருக்கலாமே அத்தை," என்றான். "என் பேர் அது." அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அவன் பெயரைப் போட்டுக்கொண்டு, அவனுடைய நாய், அவனுடைய முதல் கார் எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு முறை அவனாக உட்கார்ந்திருந்தவள்தானே அவள். கேட்காமல் எடுத்துக்கொள்வது பழகியே போயிருந்தது.

"நீயும் கூட வர்றியா?" என்று கேட்டாள்.

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். திங்கட்கிழமை காலை அவள் கோர்ட் வாசலில் இறங்கியபோது, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

நீதிபதி ஸ்ட்ரிக்லின் வாரத்தில் மூன்று நாள் கோர்ட் நடத்துவார், மற்ற நாளில் கால்நடைத் தீவனக் கடை. முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸஸ் ப்ரூயிட், நீங்க இதைச் சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்."

"இவனுக்கு மட்டும்தான் பண்ணீங்களா?"

"இல்லை. இவனையும் சேர்த்துப் பதினாலு பேர்."

"பேர் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் சார். அவங்க பங்கையும் என் மேல எழுதிக்குங்க. அவங்களா வந்து சொன்னா சொல்லட்டும்."

நீதிபதி பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் தம்பி ஒன்பதாவது ஆள்.

"இது என் கையை மீறினது," என்றார் கடைசியில். "கவுண்டியோட அரசாங்க வக்கீலுக்கு அனுப்பியாகணும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீல் பார்த்துக்குங்க."

மார்ச் மாதக் காற்றில் புழுதி எழும்பத் தொடங்கிய சமயம் எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தது. வெல்டாவுக்கு ஜெயில் இல்லை. தண்டனையாக நூற்றிருபது மணி நேரம் சம்பளமில்லாத ஊர் வேலை. கோல்பிக்கு ஒரு வருஷம் லைசென்ஸ் இல்லை, கம்பெனி வேலையும் போயிற்று. அதோடு லப்பக்கில் வாத்தியார் முன்னால் நேரில் உட்கார்ந்து படிக்கிற வகுப்புக்கு நான்கு சனிக்கிழமை போக வேண்டும், கம்ப்யூட்டரில் இல்லை என்று உத்தரவு.

ஜோலீன் தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சர்ச்சில் வெல்டா உட்காரும் வரிசையில் அக்கம்பக்கம் இடம் காலியாகவே கிடந்தது. பியானோ அம்மாள் ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் மடக்கி, "என் பேரை எங்காவது சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லவில்லை என்றதும் நிம்மதியாகப் போய்விட்டாள். பதின்மூன்று பேரில் கோர்ட்டுக்குத் தானாகப் போனவன் ஒருவன்தான், பெட்டோ. அதை வெல்டாவிடம் வந்து சொன்னவன் டாயில். பெட்டோ அவளிடம் பேசவில்லை.

ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியோடு சாலையோரம் குப்பை பொறுக்கினாள் வெல்டா. அவளிடம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் காரில் கடந்து போனார்கள். சிலர் கை அசைத்தார்கள். சிலர் அவளைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தார்கள். வெட்கத்தாலா, பயத்தாலா, அவளுக்குத் தெரியாது. நீலக் கார் விழுந்த இடம் வந்தபோது, உடைந்த சிவப்புக் கண்ணாடித் துண்டுகள் இன்னும் புல்லுக்குள் கிடந்தன. மண்டி போட்டுக் கையாலேயே பொறுக்கினாள். மேற்பார்வைக்கு வந்த ஆள், "அதெல்லாம் வேண்டாம்மா, பெரிசு பெரிசா எடுத்தாப் போதும்," என்றான். அவள் விடவில்லை.

ஏப்ரலில் இனெஸ் கூப்பிட்டாள். போனில் வேறு எதுவும் பேசவில்லை. "செவ்வாய்க்கிழமை பெட்டோவுக்கு ஷிப்ட். தெரப்பிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. உன்னால முடியுமா?"

போகும் வழியில் முப்பது மைல் வரை இனெஸ் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். பின்னால் எந்த வண்டி வந்தாலும் கண்ணாடியில் பார்த்தாள்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதே," என்றாள் கடைசியில். "ஆள் இல்லாமதான் கூப்பிட்டேன்."

"சரி."

"அடுத்த செவ்வாயும் ஆள் இருக்காது."

"சரி," என்றாள் வெல்டா.

கோல்பியின் வகுப்புக்கும் வெல்டாதான் ஓட்டிக்கொண்டு போனாள். லைசென்ஸ் இல்லாதவன், தாய்க்கும் கண் சரியில்லை. வகுப்பு ஒரு பழைய மோட்டலின் கூட்ட அறையில். முதல் சனிக்கிழமை அவன் இறங்கி உள்ளே போனதும், அவள் அனிச்சையாகப் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. திரும்ப உட்கார்ந்தாள். பதினைந்து முறை அந்த ஆறு மணி நேரத்தை உட்கார்ந்து தீர்த்தவளுக்கு, வெளியே காத்திருக்கும் ஆறு மணி நேரம் நகரவே மறுத்தது. காற்று காரை ஆட்டியது. இப்போது இரண்டாம் பாடம் ஓடும், இப்போது மூன்றாவது என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. வேண்டாமென்று ரேடியோவைத் திருகினாள்.

நான்கு மணிக்கு அவன் வந்து ஏறினான். கண் சிவந்திருந்தது. வண்டியைக் கிளப்பாமல் அவள் காத்திருந்தாள்.

"தூங்கினியா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். "அப்புறம் டிராக்டர் வந்துச்சு. படம் போட்டுக் காட்டினாங்க. வெளிய போகட்டுமான்னு கேட்டேன். வாத்தியார் விடலை."

வெல்டா சாவியைத் திருகினாள். டன்ஸ்டன் சாலைக்கு வந்து பத்து மைல் ஆனபோது, முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுந்துவதை அவள் பார்த்தாள். வேகத்தைக் குறைத்து, லாரிக்குப் பின்னால் வெகுதூரம் விட்டே ஓட்டினாள். இன்னும் மூன்று சனிக்கிழமை பாக்கி இருந்தது.